சனி ஞாயிறு கரண்ட் சும்மா

இந்த முறை வீட்டுக்கு எந்தக் கரண்ட் ப்ளான் என்பதைத் தானே முடிவு செய்வது என்று சேனாபதி தீர்மானித்துவிட்டார். பெயரில்தான் சேனாபதி. அவர் கட்டளைக்கு வீட்டில் அசைவது மின்விசிறி ஒன்றுதான். அதுவும் ரிமோட் கைக்குக் கிடைத்தால்.

டெக்சாஸில் இது ஒரு அவஸ்தை. ஊரில் கரண்ட் வரும், அல்லது வராது; அதோடு முடிந்தது. அவர் இருக்கும் இர்விங்கில் கரண்ட் கம்பெனிகள் புடவைக் கடை மாதிரி ப்ளான்களை விரித்துப் போடும். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் விலை. அதற்குக் கீழே பொடி எழுத்து. அதற்கும் கீழே இன்னும் பொடி எழுத்து. பழைய ஒப்பந்தம் முடியப் போகிறது என்று மெயில் வந்ததிலிருந்து இவற்றைப் படித்துப் படித்து அவர் கண் சிவந்து போயிருந்தது.

வழி காட்டியவன் ஆபீசில் பக்கத்து சீட்டு மதன்.

"வீக்கெண்ட் ப்ளான் எடுங்க சார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து ஞாயிறு ராத்திரி வரைக்கும் கரண்ட் ஃப்ரீ."

"மத்த நாள்ல?"

"கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா மத்த நாள்ல எதுக்கு சார் யூஸ் பண்றீங்க?"

இந்த நியாயம் சேனாபதிக்கு மிகவும் பிடித்துவிட்டது. மதனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஒரே ஒரு சிக்கல். அக்கவுண்ட் மனைவி தாமரைச்செல்வியின் பெயரில் இருந்தது. அவள் அமெரிக்கா வந்த புதிதில் டிரைவிங் லைசென்ஸுக்கு விலாசச் சான்று கேட்டார்கள். கரண்ட் பில்லையே அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். வாழ்க்கையில் அவர் காட்டிய பெருந்தன்மைகளில் அதுவும் ஒன்று. எல்லாவற்றுக்கும் போல இதற்கும் பின்னால் வருத்தப்பட்டார்.

வீட்டில் அறிவிப்பு வெளியானது.

"இனிமே வாஷர், டிரையர், வேக்கம் கிளீனர், கிரைண்டர் எல்லாம் சனி ஞாயிறு மட்டும்தான்."

தாமரைச்செல்வி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "சனிக்கிழமை காலைல எனக்குத் தமிழ்ப் பள்ளி. மத்தியானம் ஸ்ம்ருதிக்கு டான்ஸ் கிளாஸ், நான்தான் டிரைவ் பண்ணணும். இதெல்லாம் யாரு போடறது?"

"போடறது ஒரு வேலையா? மெஷின்தானே செய்யுது? நான் பாத்துக்கறேன்."

கத்தி நின்றது.

"மாவு ஆட்டறது?"

"கிரைண்டர் ஆட்டும்."

"துணியை யாரு மடிப்பா? அதுக்கும் மெஷின் இருக்கா?"

"அதையும் நானே மடிக்கறேன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

"சரிங்க" என்றாள். இத்தனை சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

அன்றைக்கே தங்கள் கரண்ட் கம்பெனியின் வெப்சைட்டில் வீக்கெண்ட் ப்ளானுக்கு எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினார். "உன் மெயிலுக்கு லிங்க் வரும், கிளிக் பண்ணிடு" என்று குரல் கொடுத்தார். "பண்ணிட்டேங்க!" என்று பக்கத்து அறையிலிருந்து பதில் வந்தது. வேலை இவ்வளவு வேகமாக முடிந்ததில் அவருக்கே பெருமை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த அமெரிக்காவில் சேனாபதிக்கென்று இருந்த ஒரே சொத்து சனிக்கிழமை மத்தியானத் தூக்கம். சோறு, ரசம், சோபா, அப்புறம் உலகம் எக்கேடு கெட்டாலும் சரி. வாரம் முழுக்க ஆபீசில் படும் பாட்டை அந்தத் தூக்கத்தை நினைத்துத்தான் தாங்கிக்கொண்டிருந்தார்.

முதல் சனிக்கிழமையே அது பறிபோனது. கண் சொக்கும்போது வாஷர் கூப்பிட்டது. துணியை மாற்றிப் போட்டுவிட்டு வந்து படுத்தால் டிரையர் கூப்பிட்டது. அதை ஓரம்கட்டினால் உளுந்து கூப்பிட்டது. நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த பெட்ஷீட்டை மடிக்கப் போய், அதன் மேலேயே உட்கார்ந்தபடி தூங்கிப் போனார்.

வார நாட்களிலும் நிம்மதி இல்லை. வியாழக்கிழமையானால் மகள் ஸ்ம்ருதி வந்து நிற்பாள். "அப்பா, ஐ ஹேவ் நோ சாக்ஸ்."

"சனிக்கிழமை வரைக்கும் பொறு கண்ணு."

"திஸ் இஸ் நாட் நார்மல், அப்பா."

ஆகஸ்ட் போய் அக்டோபர் வந்தது. "பில் குறைஞ்சிருக்கா?" என்று கேட்டால், "குறைஞ்சிருக்குங்க" என்பாள் தாமரைச்செல்வி. வெயில் தணிந்து ஏசி ஓய்ந்ததை அவர் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கும் தூங்கி எழுந்த மூளை வேண்டும்.

கடைசியில் ஒருநாள் பால்கனியில் நின்று, மனைவிக்குத் தெரியாமல் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"சாரி சார். அக்கவுண்ட் ஹோல்டர்தான் பேசணும்" என்றாள் போனை எடுத்த பெண், தேன் தடவிய ஆங்கிலத்தில்.

"நான் அவங்க ஹஸ்பண்ட்."

"சந்தோஷம் சார். அக்கவுண்ட் ஹோல்டர்தான் பேசணும்."

வேறு வழியில்லை. சமையலறைக்குப் போனார்.

"தாமரை, பழைய ப்ளானுக்கே போயிடலாம். அக்கவுண்ட் ஹோல்டர்தான் பேசணுமாம்."

"எதுக்குங்க? ஃப்ரீயா வருதே?"

"என்னால முடியல தாமரை. தூக்கம் போச்சு."

"பாவமாத்தான் இருக்கு. சனிக்கிழமை நீங்க தூங்குங்க, துணி, மாவெல்லாம் நான் பாத்துக்கறேன். ஆனா டெய்லி ராத்திரி பாத்திரம்..."

"நானே கழுவறேன்!"

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ். நீ முதல்ல போன் பண்ணு."

பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டாள். அதே தேன் குரல் வந்தது. "மேடம், நீங்க பழைய ப்ளான்லதான் இருக்கீங்க. ஆகஸ்ட்ல நீங்களே ரினியூ பண்ணியிருக்கீங்க. வேற ஏதாவது மாத்தணுமா?"

"ஒண்ணும் வேண்டாம், தேங்க்யூ."

சேனாபதி மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்போ... கரண்ட் ஃப்ரீயே இல்லையா?"

"என்னைக்குமே இல்லீங்க."

"கிளிக் பண்ணிட்டேன்னு சொன்னியே?"

"பண்ணினேனே. பழைய மெயில்ல இருந்த ரினியூங்கற பட்டனை."

"அப்போ இத்தனை வாரம் நான் துவைச்சது?"

"ரொம்ப நல்லா துவைச்சீங்க. நடுவுல சொல்லிக் கெடுக்க மனசு வரல."

அவருக்கு வந்த கோபத்தில் தூக்கமே கலைந்துவிட்டது. "இது மோசடி! பாத்திரமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. டீல் கேன்சல்!"

தாமரைச்செல்வி ஸ்பாஞ்சில் சோப்பை ஊற்றிப் பிழிந்து, அவர் கையில் வைத்தாள்.

"சாரிங்க. கேன்சல் பண்ணணும்னா அக்கவுண்ட் ஹோல்டர்தான் பேசணும்."