வத்தலக்குண்டில் உரித்த வெங்காயம்

மலையில் பிறந்தவனுக்கு வெயிலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.

எங்கள் ஊர் அட்டுவம்பட்டி. அங்கே வெயிலைத் தேடிப் போய் நிற்போம். காலையில் ஒரு துண்டு வெயிலுக்காக நாயோடு சண்டை போடுவோம். ஸ்வெட்டர் எங்களுக்குத் தோல் மாதிரி. குளிக்கத்தான் கழற்றுவோம் (அதுவும் தினமும் கிடையாது).

அப்படிப்பட்ட நான் மே மாதத்தில் என் நிச்சயதார்த்தத்துக்கு வத்தலக்குண்டு இறங்கினேன். பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே வாடகைக் கோட்டு. மலைப்பாதை வளைவில் வாந்தி வரும் என்று அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க விடவில்லை. இறங்கியதும் பெண் வீட்டார் மோர் நீட்டினார்கள். மாப்பிள்ளை முறுக்கில் வேண்டாம் என்றேன். மடையன்.

வீட்டு முன்னால் பந்தல். உள்ளே இடம் இருந்தது. என் கால்கள் பழக்கத்தில் வெயில் விழுந்த ஓரத்துக்குப் போய் நின்றன. பெண்ணின் தாய்மாமா நிழலுக்கு வரச்சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார்.

"நாங்க மலைக்காரங்க மாமா. இந்த வெயிலெல்லாம் எங்கள ஒண்ணும் செய்யாது."

உபதேசியார் ஜெபத்தை ஆதியிலிருந்து தொடங்கினார். ஆதாம் ஏவாளிடம் வரும்போதே எனக்குக் கண் எரிந்தது. நோவா பேழை கட்டும்போது தலை சுற்றியது. வெள்ளம் வருவதற்குள் விழுந்துவிட்டேன், பழத்தட்டின் மேல்.

மீதி எல்லாம் கேள்விப்பட்டது. கை கால் வெட்டி இழுத்ததாம். பையனுக்கு வலிப்பு இருக்கிறது, மறைத்துவிட்டார்கள், நிச்சயத்தை நிறுத்துங்கள் என்று மாமா கத்தினாராம். அம்மா அழுதாளாம். யாரோ என் வாயில் சோடா ஊற்ற வந்தார்களாம். நான் கட்டிக்கொள்ளவிருந்த ஸ்டெல்லா அதைத் தட்டிவிட்டு, என்னை நிழலுக்கு இழுக்கச் சொல்லி, பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து கோட்டைக் கழற்றினாளாம். பிறகு சட்டையை. பிறகு ஸ்வெட்டரை.

"என்னடி இது, உரிக்க உரிக்க வருது, வெங்காயமாட்டம்" என்றாளாம் அவள் அத்தை.

நான் கண் விழித்தபோது இரண்டு ஊர் சனமும் பார்க்க, பனியனோடு, ஈரத்துணிக்கு அடியில் கிடந்தேன். ஸ்டெல்லா என் ஸ்வெட்டரை மாமா முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள்.

"வலிப்பு இல்ல மாமா. புத்திதான் இல்ல. அத நான் பாத்துக்கிறேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலம் மோதிரம் மாற்றினோம். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது அவர்தான் அதிகம் சிரிக்கிறார். அந்த வீட்டில் எனக்குப் பெயர் வெங்காய மாப்ள. கோடையில் மலை இறங்கும்போதெல்லாம் ஸ்டெல்லா தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்து, என் காலருக்குள் விரலை விட்டு ஸ்வெட்டர் இருக்கிறதா என்று பார்க்கிறாள். பஸ் ஸ்டாண்டில், எல்லார் முன்னாலும். நான் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

போன மாதம் அவளுக்குக் கை ஒழியவில்லை. மகளை அனுப்பினாள்.