கொப்பராத் தராசில் ஏறிய பிள்ளை

தேற்றாத்தீவு,
1971 ஆவணி

கனம் டாக்டர் இராசதுரை ஐயா அவர்களுக்கு, டொமினிக் பணிந்து எழுதுவது. மாதாவின் கிருபையால் நாங்கள் சுகம். கொழும்பில் தாங்களும் பிரஷர் ஏறாமல் சுகமாக இருக்க மன்றாடுகிறோம்.

அந்த நாளில் தங்கள் சிகிச்சையில் மெலிந்த பிள்ளைகள் வளர்ந்து எப்படி இருக்கிறார்கள், எடை என்ன என்று கேட்டிருந்தீர்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் விசாரிக்கிறீர்களே, சொந்தக்காரரே செய்யாத காரியம்.

என் மகள் இமெல்டாவைத் தங்களிடம் கூட்டிவந்தபோது அவளுக்கு எட்டு வயது, வயதுக்கு மீறிய உடம்பு. சோற்றைக் குறைக்கச் சொன்னீர்கள், குறைத்தோம். அந்தக் குறைக்கு என் மனைவி ஜோசப்பின் பிட்டு அவித்துக் கொடுத்தாள், பிட்டு சோறில்லையாம். சண்டை போட்டு அதையும் நிறுத்தினேன். மாதாமாதம் நிறுக்கச் சொன்னீர்கள். எங்கள் ஊரில் பிள்ளை ஏறக்கூடிய தராசு சீனித்தம்பியின் கொப்பராக் கடையில்தான் இருந்தது. சாக்கை நிறுத்தாலும் பிள்ளையை நிறுத்தாலும் தெருவுக்குக் கேட்கக் கூவித்தான் அவருக்குப் பழக்கம். “முக்கால் அந்தர், டொமினிக்!” என்பார், அதாவது எண்பத்துநாலு இறாத்தல். சந்தைக்குப் போகிற சனம் நின்றுவிடும். “கொப்பரா விலை இறங்குது, இவள்ட நிறை இறங்குதில்லையே கா” என்று பெண்கள் சிரிப்பார்கள். பிள்ளை தட்டிலே கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருப்பாள்.

ஒரு வருடத்தில் மெலிந்தாள். தாங்கள் முதுகில் தட்டிப் பொம்மை கொடுத்தீர்கள். ஊரிலோ, பிள்ளைக்குக் கண்ணூறு பட்டுவிட்டது என்று இனசனம் வந்து அழுதது. பழைய சதை திரும்பினால் மெழுகுதிரி கொளுத்துவதாக ஜோசப்பின் எனக்குத் தெரியாமல் மாதாவுக்கு நேர்ந்தாள். மாதா கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டாள் ஐயா. இமெல்டா இப்போது ரீச்சருக்குப் படிக்கிறாள், பழைய உடம்புதான். அது எனக்குத் துக்கமில்லை. தராசில் ஏறிய நாள் தொட்டு அவள் எங்களோடு இருந்து சாப்பிட்டதில்லை, அதுதான் துக்கம். என் தம்பி மகளின் கலியாணத்தில் பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டு, “நான் முதலே திண்டுட்டன் அப்பா” என்றாள். பிறகு பார்த்தால், குசினியில் சுவரைப் பார்த்து நின்றபடி அவசரமாக விழுங்குகிறாள். பெற்ற மனம் தாங்கவில்லை.

ஆகையால் எடையை எழுதவில்லை. அவளிடம் கேட்க எனக்கு வாய் வராது. இனி இதுபற்றி எழுத வேண்டாம் என்று தாழ்மையாய்க் கேட்கிறேன். தங்கள் பிள்ளைகுட்டிகளை ஆண்டவர் ஒரு குறையுமில்லாமல் காக்கட்டும்.

இங்ஙனம்,
டொமினிக்

பி.கு.: முத்திரை ஒட்டுமுன் இமெல்டா இதை எடுத்து வாசித்துவிட்டாள். “மறுமொழி போடாட்டி அவருக்கு எப்படித் தெரியும்? எழுதுங்க அப்பா” என்று தன் எடையைத் தானே சொன்னாள். ஒன்றரை அந்தர். எழுதிவிட்டேன். இன்னொன்றும் எழுதச் சொன்னாள்: “இப்ப வாற பிள்ளைகளையாவது ஒரு அறைக்குள்ள வச்சு நிறுக்கச் சொல்லுங்க. நிறையை அந்தப் பிள்ளைட காதுக்குள்ள மட்டும் சொல்லச் சொல்லுங்க.”