நரி சாரும் கிளிப்பச்சைக் குட்டியும்

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே தினமும் நரி முகத்தில் விழித்த ஒரே மனிதர் நரி சார்தான். நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் கொட்டும் என்பார்கள். நரி சாருக்குக் கொட்டியது தலைமுடி மட்டும்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்துக்கு வெளியே அதை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. தாமல் ஏரியைச் சுற்றியிருக்கும் நரிகள் என்ன சாப்பிடுகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. நரியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க முடியாது. அது போட்டுவிட்டுப் போவதை எடுத்துவந்து, காயவைத்து, கரைத்து, வடிகட்டி, மிஞ்சும் மயிர், எலும்பு, விதையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை அவர் வைரம் பொறுக்குபவரைப்போலச் செய்வார்.

நானும் அதே ஏரிக்கரையில்தான் இருந்தேன், ஆடுகளோடு. எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். வேலிக்காத்தான் என்கிற சீமைக் கருவேலத்தின் காயை அரைத்துத் தீவனத்தில் கலந்தால் ஆட்டுக்குட்டிகள் எடை கூடுமா என்பது என் ஆராய்ச்சி. என் அப்பா ஊரார் ஆடுகளை மேய்த்து வளர்ந்தவர். "ஆடு மேய்க்கத்தானா இத்தினி வருசம் படிச்ச?" என்று கேட்டார்.

"நீ மேய்ச்சதோட உட்டுட்ட. நான் அது இன்னா துன்னுச்சு, எவ்ளோ செரிச்சுதுன்னு எழுதி டாக்டர் ஆவப்போறேன்" என்றேன்.

அடுத்த வாரமே ஊசி போடச் சொல்லி எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். அப்பா வாய் சும்மா இருக்காது.

எங்கள் துறை காஞ்சிபுரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. மொட்டை மாடியில் ஒரு பக்கம் வீட்டுக்கார அம்மாவின் வடகம் காயும். மறுபக்கம் நரி சாரின் சேகரிப்பு காயும். ஒருநாள் அந்த அம்மா குனிந்து பார்த்தார்.

"இன்னாப்பா இது? புளியா?"

"இல்லம்மா. நரியோடது."

"நரியோடதுன்னா?"

நரி சாருக்குப் பொய்யும் வராது, பூசி மெழுகவும் வராது. சொன்னார். அந்த அம்மா அன்றைக்கு முழு வடகத்தையும் குப்பையில் கொட்டினார். எங்களை வெளியே கொட்டாமல் விட்டது முன்பணத்தின் மகிமை.

இன்னொரு நாள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். மாதிரிகளை அவர் மூன்றடுக்கு டிபன் கேரியரில்தான் வைப்பார்; மேலே புதியது, நடுவில் பழையது, அடியில் நரியா நாயா என்று சந்தேகமானது. நல்ல கூட்டம். உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர் பாசமாக அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சுளித்தார்.

"இன்னா சார், ஊட்ல கருவாட்டுக் கொழம்பா? ஒரு நாள் ஆயிடுச்சு போலக் கீதே?"

"மேலடுக்கு இன்னைக்குதும்மா. நடு அடுக்குதான் பழசு" என்றார் நரி சார். அவர் மேற்கொண்டு விளக்குவதற்குள் நான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். எங்கள் நிறுத்தம் இன்னும் வரவில்லை.

இப்படிப்பட்டவர்தான் எல்லம்மா அக்காவோடு மோதினார்.

எல்லம்மா அக்கா தாமலில் ஆடு வளர்ப்பவர். என் ஆராய்ச்சிக் குட்டிகள் அவருடையவை. அவர் கணவர் கூலிக்குப் பட்டு நெய்பவர். தறியில் மிஞ்சும் துண்டு நூலை முறுக்கி, ஆளுக்கொரு நிறமாகக் குட்டிகளின் கழுத்தில் கட்டிவிடுவார் அக்கா. நிறமே பெயர்: அரக்கு, மாம்பழம், மயில்கழுத்து, கிளிப்பச்சை. நான் அரைத்த தீவனத்தைத் தின்று எல்லோரையும்விட நன்றாக எடை போட்டவன் கிளிப்பச்சை. அவனைக் காட்டித்தான் என் ஆராய்ச்சியைப் பற்றி நிமிர்ந்து பேச இருந்தேன்.

அந்தக் கோடையில் குட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கிளிப்பச்சையும் போனான். எல்லம்மா அக்கா பூச்சி மருந்து வாங்கி வைத்துவிட்டார். கோழிக்கடையில் குடலுக்கும் சொல்லியாகிவிட்டது. குடலில் மருந்தைத் தடவி ஏரிக்கரையில் போட்டால் நரிக்கூட்டமே ஒரே இரவில் முடிந்துவிடும். கேள்விப்பட்டதும் நரி சார் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். சட்டத்தைச் சொல்லி மிரட்டியிருக்கலாம். அதைச் செய்யவில்லை.

"அக்கா, நரி உங்க குட்டிய சாப்பிடல. அது எலி சாப்பிடும், நண்டு சாப்பிடும், எலந்தப்பழம் சாப்பிடும்."

"எலந்தப்பழமா? அது இன்னா, ஸ்கூலுக்குப் போற பொண்ணா?"

"ஒரு மாசம் டைம் குடுங்க. ஆதாரத்தோட காட்டறேன்."

"உன் ஆதாரத்துல என் குட்டி இருந்துச்சுன்னா?"

"நானே வந்து சொல்றேன்."

"வந்து கிழிச்ச" என்றார் அக்கா. ஆனால் மருந்து பாட்டிலை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். கெடு ஒரு மாதம்.

அந்த மாதம் நரி சார் ஏரியைச் சல்லடை போட்டுச் சலித்தார். காய்ச்சலோடு வந்தார். சேற்றுக்கு ஒரு செருப்பைக் காணிக்கையாக்கிவிட்டு, மற்றொன்றைக் கையில் பிடித்தபடி வந்தார். கண்டதையெல்லாம் எல்லம்மா அக்காவிடம் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். எலிப்பல். நண்டு ஓடு. சொன்னபடியே இலந்தைக் கொட்டை. அக்காவுக்கே ஆர்வம் வந்துவிட்டது. "இன்னிக்கு இன்னா சாப்பாடு சார் அதுங்களுக்கு?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.

கெடு முடிய ஓரிரு நாள் இருந்தபோது, டீ வடிகட்டியில் மாதிரியை அலசிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். நண்டு ஓட்டுக்கும் மயிருக்கும் நடுவில் ஒரு சின்ன முறுக்கு நூல். இன்னும் கொஞ்சம் அலசினார். பட்டு, எங்கே கிடந்தாலும் பட்டு. கிளிப்பச்சை பளிச்சென்று எழுந்து வந்தது.

சுருக்கமாகச் சொன்னால், அவருடைய ஆராய்ச்சி என் ஆராய்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது.

"சார், இத்த கொண்டுபோய்க் காட்டினா அக்கா மருந்து வெச்சிடுவாங்க" என்றேன். "ஒரு நரி மிஞ்சாது. உங்க இத்தினி வருச வேலையும் போச்சு."

"தெரியும்மா" என்றார். கையைக் கழுவினார். இருந்ததில் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டார். குட்டி என்னுடையதும்தான் என்பதால் நானும் கிளம்பினேன்.

எல்லம்மா அக்கா ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "இன்னா சார், புதுச் சட்டைல்லாம் போட்டுக்கினு வந்துகீற?"

"அக்கா, நான் சொன்னது தப்பு. கிளிப்பச்சைய சாப்பிட்டது நரிதான்."

நூலை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். அக்கா இரண்டு விரலால் அதை உருட்டிப் பார்த்தார். தன் கையால் முறுக்கியது தெரியாதா?

"மத்த குட்டிங்க?"

"அதுக்கு எங்கிட்ட ஆதாரம் இல்ல. நரின்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

"நீ இத்த சொல்லாம உட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் இன்னாத்துக்கு வந்து சொல்ற?"

"சொல்றேன்னு சொன்னேனே."

அக்கா என் பக்கம் திரும்பினார். "இந்தாளு எப்பவும் இப்டிதானாம்மா?"

"எப்பவும் இப்டிதான்கா."

அக்கா விருட்டென்று வீட்டுக்குள் போனார். மருந்துக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். நரி சார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். ஒல்லி உடம்பு, கையை விரித்தும் பாதி வாசல்தான் மறைந்தது. அக்கா வெளியே வந்தபோது கையில் அரிவாள் இருந்தது. நரி சார் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

"கண்ணத் தொறய்யா. போய் முள்ளு வெட்டிக்கினு வா. குட்டிங்கள சாயங்காலத்துலயே உள்ள தள்ளி மூடற மாதிரி ஒரு பட்டி கட்டணும். உன் நரிங்க செஞ்ச வேலைக்கு நீதான் கட்டற."

"அப்போ மருந்து?"

"அது மேலயே கெடக்கட்டும். இத்தினி நாளா எலி, நண்டுன்னு சொன்னியே, அத்த இப்பதான் நம்பறேன். போ, வெயில் ஏறுது."

நரி சார் கட்டிய முதல் பட்டியை ஆடுகள் ஒரே நாளில் தின்று தீர்த்தன. பச்சை இலையோடு கிளைகளை வெட்டி வந்து கட்டியிருந்தார். ஆட்டுத் தீவனம் படிப்பவள் பக்கத்திலேயே இருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை! இரண்டாவது பட்டி வேலிக்காத்தான் முள்ளில். பட்டியில் இருந்ததைவிட அவர் கையில்தான் முள் அதிகம். அக்கா ஊக்கால் எடுத்துவிட்டுக்கொண்டே திட்டினார். அந்தப் பட்டிக்குள் போன குட்டி எதுவும் அதன்பிறகு காணாமல் போகவில்லை. நான் புதுக் குட்டிகளை வைத்து முதலிலிருந்து தொடங்கினேன், முடித்தும் காட்டினேன்.

நரி சார் இப்போது வடக்கே ஏதோ ஒரு மலையில் இருக்கிறார். கரடி என்ன சாப்பிடுகிறது என்று பார்க்கிறாராம். அந்த ஊர் வீட்டுக்கார அம்மாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நான் தாமலுக்குப் போகும்போது, பொழுது சாயும் நேரம் ஏரிப் பக்கமிருந்து நரிகள் ஊளையிடும். எல்லம்மா அக்கா உடனே, "சாருக்குப் போன் போடும்மா" என்பார். போட்டு, ஏரியைப் பார்த்து நீட்டிப் பிடிப்பேன். அந்தப் பக்கம் அவர் ஒன்றும் பேசமாட்டார். நாங்களும் போனை வைக்கமாட்டோம்.