ஏழு துளைகளை அடைத்த அரசாணை

எரிமலையின் மடியில் மதில் கட்டி, அதற்குள் முந்நூறு குடும்பங்களைக் குடிவைத்து, அதை நாடு என்று அழைத்த ஒரு மன்னர் இருந்தார். மலையில் ஏழு புகைத்துளைகள். தினமும் விடிந்ததும் கடப்பாரையோடு ஏறி, அவற்றில் இறுகிய கல்லைக் குத்தியெடுப்பது பூரணவல்லியின் அரசாங்க வேலை.

மன்னர் பேசும்போதெல்லாம் துளைகள் உஸ்ஸென்று இரைந்தன. அது ராஜநிந்தனை என்று அமைச்சர் விசயகீர்த்தி கண்டுபிடித்தார்.

"ஏழு துளைகளையும் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அடைக்க ஆணை!" என்றார் மன்னர்.

"ஐயா, கீழ பாறை உருகிக் கிடக்குது, அதுக்குள்ள ஆவி இருக்கு," என்றாள் பூரணவல்லி. "உருகினது ரசமாட்டம் தண்ணியா இருந்தா ஆவி தானா வெளிய போயிரும். நம்ம மலைக்குள்ள இருக்கறது களி. கெட்டியில மாட்டின ஆவி தெறிச்சா ஆளையே பொசுக்கிரும். இருக்கற வழியையும் அடைக்காதீங்க."

"களிக்கும் ஆட்சிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அமைச்சர். பாவம், அவர் இரண்டையும் கிண்டியதில்லை.

துளைகள் அடைபட்டன. பிறகு மலையிடமே வாக்கெடுப்பு நடந்தது. மன்னராட்சியில் குறை இருந்தால் குரல் கொடுக்கலாம் என்று முரசறைந்தார்கள். மலை மூச்சுவிடவில்லை. மன்னர் ஏகமனதாக வென்றார்.

அடுத்த மாதம் மலைச்சரிவு ஒன்பது முழம் புடைத்தது. "நாடு வளர்கிறது!" என்று வளர்ச்சி விழா அறிவித்தார்கள். கிணறுகள் கொதித்தபோது அதற்கு இலவச வெந்நீர்த் திட்டம் என்று பெயரிட்டார்கள். ஊரைவிட்டுப் போகிறவன் வளர்ச்சியின் விரோதி என்று மதில் கதவுக்குப் பூட்டும் போட்டார்கள்.

பூரணவல்லி யோசித்தாள். இனி துளையைக் குத்தினால் முகத்திலேயே வெடிக்கும். குத்த வேண்டியது வேறு இடம் என்று முடிவு செய்து, விழா நாள் காலையில் கடப்பாரையோடு கதவுக்குப் போனாள்.

"அக்கா, ஆணை இருக்குக்கா," என்றான் காவலன் மாசிலான்.

"உன் புள்ளைங்கள அந்த ஆணையா வந்து தூக்கிட்டு ஓடும்? தள்ளுடா!"

மாசிலான் தள்ளிப் போகவில்லை. அவள் குத்துவதற்கு வாகாகப் பூட்டை இழுத்துப் பிடித்தான். பூட்டு உடைந்த செய்தி வீடு வீடாகப் பரவியது.

முந்நூறு குடும்பங்களும் ஆற்றைத் தாண்டி, தொலைவில் இருந்த மேட்டில் ஏறிய பிறகு மலை வெடித்தது. மன்னர் அப்போது புடைப்பின் மேல் நின்று, நாட்டின் அமைதியைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தார். சாம்பல் மூன்று நாள் பொழிந்தது.

நான்காம் நாள், எப்படியோ தப்பிய அமைச்சர் இருமிக்கொண்டே மேட்டுக்கு வந்து ஓலையை விரித்தார். "கதவு திறந்ததால் புகுந்த காற்றே இப்பேரழிவுக்குக் காரணம். புதிய மன்னர் பதவியேற்கும் வரை எவரும் எதுவும் பேசலாகாது."

"படிச்சு முடிச்சாச்சா?" என்றாள் பூரணவல்லி.

"இன்னும் ஒரு வரி இருக்கிறது."

"சீக்கிரம் முடிங்க. எங்களுக்குப் பேச வேண்டியது நிறைய கெடக்கு."

அவளுக்குப் பின்னால் முந்நூறு குடும்பங்களும் எழுந்து நின்றன. அமைச்சர் அந்தக் கடைசி வரியைப் படிக்கவில்லை.