தொதலுக்கு வந்த சோதனை

2024 ஆகஸ்ட் பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், செல்போன் பழுதுபார்க்கும் கடை ஒன்றின் மாடியில் 'அகில உலகச் சுங்க ஆலோசனை மையம்' திறக்கப்பட்டது.

அன்று முதல் உலக வாணிபத்துக்குத் தலைநகரங்கள் இரண்டாயின. ஒன்று ஜெனீவா. மற்றது அந்த மாடி.

மையத்தின் நிறுவனர், தலைவர், தலைமை ஆய்வாளர் ஆகிய மூவரும் காஜா நவாஸ் என்ற ஒரே சட்டைக்குள் அடங்கியிருந்தார்கள். அவருடைய தகுதியை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஒரு காலத்தில் அவர் சார்ஜா விமான நிலையத்தில் இறங்கியபோது, கறிமசாலாப் பொட்டலத்தில் கசகசா இருந்த குற்றத்துக்காக ஒரு பிற்பகல் முழுவதும் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார். நம் ஊரில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா அங்கே போதைப்பொருள். மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளும் சட்டத்தை அவர் உட்கார்ந்தே தெரிந்துகொண்டார்.

அதிலும் ஒரு பெருந்தன்மை. மையத்தில் கட்டணம் கிடையாது. வெளிநாடு போகிறவர் தம் பெட்டியோடு வந்தால் போதும். 'தடைசெய்யப்பட்ட' பொருட்களை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

கீழக்கரை மெஹருன்னிசா அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் தன் பெட்டியோடு அந்தப் படியேறினாள். மெல்பர்னில் இருக்கும் மகள் மின்ஹாவுக்கு இது தலைப்பிரசவம். எட்டாம் மாதம். எதைத் தின்றாலும் குமட்டுகிறது என்று போனில் அழுத பெண், ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்: உம்மா கையால் கிண்டிய தொதல். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, கை விட்டுப்போகும் வரை கிண்டி, கருகருவென்று இறக்கிய தொதல். பிள்ளைத்தாய்ச்சியின் ஆசையைத் தீர்க்காவிட்டால் பிறக்கும் பிள்ளைக்குக் காது வடியும் என்பது மெஹருன்னிசாவின் பயம். அதனால் ஒரு தகர டின் நிறையக் கிண்டி, மூடியைச் சுற்றி மைதா பசை தடவி ஒட்டியிருந்தாள்.

கணவர் முஹைதீன் துணைக்கு வந்திருந்தார். பெயின்ட் கடையை ஒப்படைக்க ஆள் கிடைத்ததும் பின்னாலேயே புறப்படுவது அவர் திட்டம்.

மையத்தின் நடுவில் 'மாதிரி விமான நிலையம்' அமைக்கப்பட்டிருந்தது. மூடிப்போன உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வாங்கிய டிரெட்மில் ஒன்று பெட்டிகளைச் சுமந்து வரும் பட்டையாகப் பதவி உயர்வு பெற்றிருந்தது. காஜா நவாஸ் பொத்தானை அமுக்கினார். மெஹருன்னிசாவின் பெட்டி சற்றுத் தூரம் கம்பீரமாக நகர்ந்து, பின் வேகமெடுத்து, சுவரில் மோதி விழுந்தது.

"பயப்படாதீங்க லாத்தா. எல்லா ஏர்போர்ட்லயும் இப்பிடித்தான் வந்து விழும்" என்றார் அவர். "எங்கன போறீங்க?"

"ஆஸ்திரேலியாவுக்குத் தம்பி. மின்ஹாட்ட."

"சார்ஜா சட்டந்தான் அங்கயும். வெளிநாடுன்னா வெளிநாடுதான்."

முஹைதீன் தொண்டையைச் செருமினார். "காஜா, அது வேற நாடுல்ல?"

"மச்சான், பிளேன்ல ஏறித்தான போறாக? அப்பப் பிளேன் சட்டம்."

இந்த வாதத்தின் ஆழத்தில் முஹைதீன் மூழ்கிப்போனார்.

ஆய்வு தொடங்கியது. முதலில் வெளிப்பட்டது நெத்திலிக் கருவாடு. காஜா நவாஸ் அதைச் செல்போன் டார்ச் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார்.

"இது உயிரா இருந்து மவுத்தானது. மவுத்து சர்டிபிகேட் இருக்கா?"

தன் முறைக்காக நாற்காலியில் காத்திருந்த நயினார்கோவில் ராமலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு முண்டு மிளகாய் கொண்டுபோகிறவள் அவள்.

"ஏந்தம்பி, நெத்திலிக்கு யாரு சர்டிபிகேட்டு குடுப்பா? வி.ஏ.ஓ.வா?"

"அதத்தாங்க்கா சட்டம் கேக்குது."

"ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாவா, மொத்தமா ஒண்ணு போதுமா?"

காஜா நவாஸ் சற்று யோசித்தார். "தனித்தனியா இருந்தா நல்லது."

கருவாடு ஓரத்தில் இருந்த குளிர்பதனப் பெட்டிக்குள் போனது. அடுத்து கருப்பட்டி. வட்டமாக, கறுப்பாக, கனமாக இருந்ததால் ஸ்கேனில் கண்ணிவெடி போலத் தெரியும் என்ற தேசப்பாதுகாப்புக் காரணத்துக்காக அதுவும் போனது. மிளகாய்த்தூள், கண்ணில் தூவினால் ஆயுதம் என்ற பிரிவின்கீழ் போனது. ராமலெட்சுமி தன் மிளகாய்ப் பையை மெல்லச் சேலை மறைவுக்கு இழுத்துக்கொண்டாள்.

கடைசியில் தகர டின். பசையைச் சுரண்டி மூடியைத் திறந்ததும், ஏலக்காயும் கருப்பட்டியும் கலந்த வாசனை மாடி முழுவதும் பரவியது. தலைமை ஆய்வாளர் கண்களை மூடிக்கொண்டார். கடமை உணர்ச்சியாக இருக்கலாம்.

"லாத்தா, இது சிக்கலான சரக்கு."

"தொதல்தான தம்பி!"

"உங்களுக்குத் தொதல். ஏர்போர்ட்காரனுக்குத் தார். தார்னா கனிமம். கனிமத்த நாட்ட விட்டு வெளிய கொண்டுபோகணும்னா டெல்லியில கையெழுத்து வாங்கணும்."

"கனிமத்த யாராவது திம்பாகளா?"

"அதத்தான் சோதிக்கணும்."

அவர் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுச் சோதித்தார். முடிவு தெளிவாக இல்லாததால் இன்னொரு துண்டையும் சோதித்தார். மூன்றாவது துண்டின்போது முகத்தில் கவலை படர்ந்தது.

"உள்ள கசகசா இருக்கலாம்."

"சத்தியமா இல்ல தம்பி! நானே நின்னு கிண்டுனது."

"நீங்க சொல்றத நான் நம்புறேன் லாத்தா. விமான நிலையம் நம்பாது. டின் இங்கன இருக்கட்டும். முழு ஆய்வு முடிச்சிட்டு அனுப்பி வைக்கிறேன், இன்ஷா அல்லாஹ்."

"புள்ள ஆசையாக் கேட்டது..."

"புள்ளைக்காகத்தான் சொல்றேன். உம்மா ஜெயில்ல இருந்தா அந்தப் புள்ளைக்குப் பேறுகாலம் யாரு பாப்பா?"

மெஹருன்னிசா டின்னை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பெட்டியில் மிஞ்சியவை உடுதுணி, குழந்தைக்குத் தைத்த சட்டைகள், ஓர் எவர்சில்வர் சொம்பு.

"பெட்டியில எடை நெறைய மிச்சம் இருக்கே" என்று காஜா நவாஸ் மகிழ்ந்தார். "நம்ம தங்கச்சி மகன் முஸ்அப் அங்கனதான் இருக்கான். ஒரு சின்னப் பார்சல்." பழுப்பு டேப்பால் பல சுற்றுச் சுற்றிய அட்டைப்பெட்டி ஒன்றை அவர் துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் செருகினார். "விமானத்துல ஒரு அட்டை தருவாக. கேக்குற எல்லாக் கேள்விக்கும் 'நோ' போடுங்க. அதான் சட்டம்."

உள்ளே என்ன என்று மெஹருன்னிசா கேட்கவில்லை. அந்தக் கரையில் கடல் தாண்டிப் போகிற எவரும் தெருவுக்கே தபால்காரர்தான். ஒருவர் கொடுத்தனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது, அவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து சட்டியைத் திறப்பதற்குச் சமம். நல்ல குடும்பத்துப் பெண்கள் அதைச் செய்வதில்லை.

ஆனால் விமானத்தில் அந்த அட்டை கைக்கு வந்தபோது அவளுக்கு ஒரு சங்கடம் எழுந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் கேள்விகளைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். உணவு இருக்கிறதா, செடி இருக்கிறதா, மண் இருக்கிறதா? பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இல்லை என்று எப்படி எழுதுவது? அது பொய்யாகிவிடாதா? எல்லாவற்றுக்கும் 'ஆம்' போடும்படி அந்தப் பெண்ணிடமே சொன்னாள்.

மெல்பர்ன் விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தபோது, காது தொங்கிய ஒரு நாய் வந்து அதை முகர்ந்தது. பிறகு அதன் அருகே மரியாதையாக உட்கார்ந்துகொண்டது. மெஹருன்னிசா துப்பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

மேசைக்குப் பின்னால் நின்ற பெண் அதிகாரி அவளுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத் தமிழில் பேசினாள்.

"அம்மா, இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினனீங்கள்?"

"துணிமணி நான் வச்சது. இந்தப் பார்சல் காஜா தம்பி குடுத்தது."

"உள்ளுக்க என்ன இருக்கு?"

"தெரியாதும்மா."

"திறந்து பாக்கேல்லையோ?"

"அடுத்தவுக பார்சல எப்பிடிம்மா பிரிக்கிறது? அசிங்கமில்ல?"

"எனக்கு அதுதான் அம்மா வேலை" என்றாள் அவள்.

டேப் கிழிந்தது. ஈரச் சாக்கு, அதற்குள் செம்மண், செம்மண்ணில் தளதளவென்று ஒரு கறிவேப்பிலைக் கன்று, அதன் மடியில் ஒரு பொட்டலம் முருங்கை விதை. இராமநாதபுரம் மாவட்டத்து மண்புழு ஒன்று ஆஸ்திரேலிய வெளிச்சத்தில் நெளிந்தது.

"'ஆம்' எண்டு போட்டபடியால் தப்பினீங்கள்" என்றாள் அதிகாரி, எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பைக்குள் போட்டுக் கட்டியபடி. "சாப்பாட்டுச் சாமான் ஒண்டும் இல்லையோ?"

"இல்லம்மா. எல்லாம் தடைன்னுட்டாக. கருவாடு, கருப்பட்டி, மகளுக்குன்னு கிண்டுன தொதல்..."

"தொதலோ!" அதிகாரியின் கை ஒரு கணம் நின்றது. "அது கொண்டு வரலாமே அம்மா. எங்களுக்குக் காட்டினால் போதும். போன மாசம் எங்கட அம்மாவும் கொண்டு வந்தவ."

"அப்பக் கருவாடு?"

"அதையும் காட்டிப்போட்டுக் கொண்டு போகலாம்."

"மவுத்து சர்டிபிகேட் வேணாமா?"

அதிகாரிக்குக் கேள்வி புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்த பிறகு, பக்கத்து மேசைக்காரருக்கு அதை ஆங்கிலத்தில் விளக்க இன்னும் சற்று நேரம் பிடித்தது.

வாசலில் வயிற்றைத் தாங்கியபடி மின்ஹா நின்றிருந்தாள். கட்டிப்பிடித்து முத்தமிட்டு முடித்ததும் முதல் கேள்வியைக் கேட்டாள்.

"உம்மா, தொதல்?"

"சொம்பு கொண்டாந்திருக்கேன்மா" என்றாள் மெஹருன்னிசா.

மறுநாள் முஹைதீன் மையத்தின் படியேறினார். தகர டின் கழுவித் துடைத்து ஜன்னலோரம் காயவைக்கப்பட்டிருந்தது.

"ஆய்வு முடிஞ்சிருச்சு மச்சான்" என்று காஜா நவாஸ் வரவேற்றார். "சாதகமாத்தான் வந்திருக்கு. அடிமட்டம் வரைக்கும் பாத்தாச்சு, கசகசா இல்ல. லாத்தா தாராளமாக் கொண்டு போயிருக்கலாம்."

"ஒங் கன்னு பிடிபட்டுப்போச்சு காஜா."

காஜா நவாஸ் தலையை மெல்ல ஆட்டினார். "பாத்தீகளா? நான் அப்பவே சொன்னேன்ல, அவக ரொம்பக் கண்டிப்புன்னு."

அந்த வாரமே மையத்தின் வாசலில் புதிய பலகை ஏறியது: 'எங்கள் ஆலோசனை பெற்றுச் சென்ற எவரிடமும் வெளிநாட்டில் உணவுப்பொருள் பறிமுதல் செய்யப்பட்டதில்லை.' சமீப காலத்தில் அந்த மாவட்டத்தில் வெளியான விளம்பரங்களில் முழுக்க முழுக்க உண்மையானது அது ஒன்றே.

முஹைதீன் புறப்படும் நாள் நெருங்கியது. மெஹருன்னிசாவின் தங்கை ஹாஃபிஸா புதிதாகத் தொதல் கிண்டிக் கொடுத்தாள். டின்னை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவிக்குப் போன் செய்தார்.

"காஜா ஒரு தடவ கொண்டாந்து காட்டச் சொல்றான். காட்டிட்டு வாரேனே?"

"அங்கன போகாதீங்க" என்றாள் மெஹருன்னிசா. "நேரா இங்கன கொண்டாந்து ஆஸ்திரேலியாக்காரன்ட்டயே காட்டுங்க. அவன் அந்நியன். பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவான்."

நவம்பர் இரண்டாம் வாரத்தில் முஹைதீன் மெல்பர்னில் இறங்கி டின்னைக் காட்டினார். அதிகாரி திறந்தார், பார்த்தார், மூடிக் கொடுத்தார். எடை குறையவில்லை. அன்று மாலை மின்ஹா தொதல் சாப்பிட்டாள்.