தலையாட்டும் றோபோவைத் திருப்பி எடுக்கும்படி

கல்லடி,
மாசி 2010

ஜப்பானில் றோபோ செய்யும் மருமகன் டிலக்சனுக்கு, நூதனசாலைக் காவலாளி கந்தப்போடி மாமா எழுதிக்கொள்வது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தொப்பி போட்டிருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறேன்.

நிற்க. சுனாமி மிச்சங்களைக் காட்சிக்கு வைக்கக் கட்டித்தந்த நூதனசாலைக்கு ஆள் வருவதில்லை என்று நான்தான் உன்னிடம் அழுதேன். சனத்துக்கு விளக்கம் சொல்ல நீ றோபோ அனுப்பினாய். உடைந்த தோணியைக் காட்டிக் கதை சொல்லுது, முடிந்ததும் மெல்லக் கழுத்தைத் திருப்பி, எதிரே நிற்பவரின் முகத்தை உற்றுப் பார்த்துத் தலையை ஆட்டுது. அப்படிப் பார்த்தால்தான் சொன்னது மனதில் பதியுமாம். அட பாவி, இது மட்டக்களப்பு! சுற்றிவளைப்பில் ஆமி எங்களை வரிசையாக நடத்த, சாக்கால் முகம் மூடிய தலையாட்டி பார்த்துத் தலையை ஆட்டினால் ஆள் அவ்வளவுதான் என்பது மறந்துபோயிற்றா? எங்கள் மகன், உன் மச்சான் நிலோஜனை அப்படித்தானே ஏற்றிக்கொண்டு போனார்கள்?

றோபோவின் திறப்பு விழாவில் முதலில் அகப்பட்டவர் புடவைக்கடை மஜீட் காக்கா. அது தலையாட்டியதுதான் தாமதம், மனிசன் ஐசி அடையாள அட்டையை நீட்டி, "கடையையும் ஊட்டையும் தவிர ஒண்டும் தெரியா வாப்பா, விசாரிச்சிப் பாருங்க" என்று கெஞ்சினார். கேட்டுவிட்டு அது மறுபடியும் தலையாட்டியது. சனம் ஒருவரும் சொல்லாமலே வரிசைக்கு வந்துவிட்டது, ஆம்பிளைகள் ஒரு பக்கம், பெண்டுகள் ஒரு பக்கம். பிரதம விருந்தினர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். சிரிச்சன் மருமகன், மறுகாதான் பாத்தன், என்ட கையும் மேலதான் நிக்குது.

இப்ப ஒரு குருவியும் வாறதில்ல. தோட்டவேலை சீனித்தம்பி அதின்ட தலையச் சாக்கால மூடுவம் எண்டு மூடினான். ஐயோ, அசல் தலையாட்டியேதான்! அவனே ஓடிட்டான். இப்படியே போனால் இடத்தைப் பூட்டுவார்கள், என் வேலையும் போகும். ஆனபடியால் இந்தச் சனியனை உடனே திருப்பி எடு.

மாமி அன்னப்பூரணியின் ஆசியும் உனக்கு. அவள் இன்னும் ஒழுங்காய்ச் சாப்பிடுவதில்லை. நீ குறையொன்றும் இல்லாமல் வாழ்க.

இப்படிக்கு,
கந்தப்போடி மாமா

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடு, எடுக்காதே. காலையில் கடிதத்தை ஒட்டும்போது எட்டிப் பார்த்தேன். மாமி அதன் முன்னால் கதிரை போட்டு இருந்தாள். நிலோஜனைக் கேட்டு நாங்கள் ஏறி இறங்காத கந்தோர் இல்லை, ஒருவரும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்ததில்லை. இது பாக்குது, மருமகன். அவள் சொல்லி முடிக்குமட்டும் பாக்குது. "என்ட புள்ள வருவானா?" எண்டு கேட்டாள். தலையாட்டிச்சு. மத்தியானம் சோறு திண்டாள்.

கழுத்து கொஞ்சம் கிறீச்சிடுது. என்ன எண்ணெய் விட வேணுமெண்டு உடனே எழுது.