கிளம்பாத ஜீப்

இன்றைக்கு மனைவி கண் விழிப்பதற்குள் கம்பி நீட்டிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார் மெக்கானிக். ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் வண்டிகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். ஏலத்தில் எடுத்த ஒரு பழைய ராணுவ ஜீப்பைத் தட்டிக்கொட்டி உயிர் கொடுத்திருந்தார். ஒன்பது மணிக்குப் பழைய வண்டிகளின் ஊர்வலம். கொடியசைக்கத் தன் ஜீப்பில் வருபவர் அவருடைய மேஜர். ஒரு நிமிஷம் பிந்தினாலும் வரிசையில் சேர்க்கமாட்டார், அப்படிப்பட்ட மனுஷன்.

சமையலறைக் குழாய் நாலு மாசமாக ஒழுகுகிறது. "ஊர்வலம் முடியட்டும்" என்று அதற்கும் சாக்குச் சொல்லி வைத்திருந்தார்.

சாவியைத் திருகினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பெட்ரோல் வருகிறதா? வருகிறது. பிளக்கில் பொறி? இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே சுழன்று பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கு போடும் ரோட்டரைக் காணோம். கட்டைவிரல் அளவுச் சாமான்தான், அது இல்லாமல் வண்டி வெறும் தகரம். டப்பாவில் வைத்திருந்த ஸ்பேரும் மாயம்!

"இதையா தேடறீங்க?" வாசலில் மனைவி. கையில் ரோட்டர்.

"அடிப்பாவி! இதைக் கழட்ட உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். வண்டியை விட்டுட்டுப் போறப்ப ரோட்டரைக் கழட்டிப் பையில போட்டுக்கணும், எதிரியால ஒரு அடி நகர்த்த முடியாதுன்னு. முப்பது வருஷமா சாப்பிட உக்காந்தா இதே பாட்டுதானே?"

"நான் எதிரியா?"

"குழாய் ஒழுகுற வரைக்கும்."

சமையலறைக்கு ஓடினார். தொட்டிக்கு அடியில் தலையை விட்டு, வாஷர் மாற்றி, மரையோடு போராடி, ஒரு சொட்டு விழாமல் முடித்தார். ரோட்டர் கைக்கு வந்தது. ஓடிப்போய் மாட்டினார். மூடியைப் பொருத்தப் போனார். காயிலிலிருந்து மூடிக்கு மின்சாரம் கொண்டுவரும் வயரைக் காணோம்.

"ஏய்! இப்பத்தானே இருந்துச்சு!"

"நீங்க தொட்டிக்கு அடியில இருந்தீங்கள்ல, அப்ப எடுத்தேன். ரோட்டர் குழாய்க்கு. வயர் ஓடாத படுக்கையறை ஃபேனுக்கு."

"மணி எட்டே முக்கால்டி! மேஜர் என்னை விட்டுட்டுக் கொடியசைச்சிடுவாரு!" பாவம், அழுதே விடுவார் போலிருந்தது.

"பதறாதீங்க. மேஜர் இன்னும் பரண்ல ஒட்டடை அடிச்சிட்டிருக்காராம். அவர் ஜீப்புல எதைக் கழட்டணும்னு நேத்தே அவங்க வீட்டம்மாவுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்."